கான்சாஸ் ஆகிப்போன கமாஸ்

அமெரிக்காவின் வடமேற்கில், ஈரப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வசந்தத்தில் நீலமாய்ப் பூப்பது கமாஸ். தண்டும் இலையும் ஆண்டுதோறும் வாடி உதிர, மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருந்து மீண்டும் தளிர்க்கும். 1806 ஜூனில் இன்றைய ஐடஹோ மாநிலத்தின் வடபகுதியில் இதன் பூப்பரப்பைக் கண்ட மெரிவெதர் லூயிஸ், அது தொலைவில் தெளிந்த ஏரிபோலத் தோன்றியதாகத் தம் நாட்குறிப்பில் பதிந்தார்.

அவர் ஏரியென வியந்தது அம்மண்ணின் மக்களுக்குக் களஞ்சியம் என்பதை நாம் மறக்கலாகாது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைகளைக் கடந்து பசியோடு இறங்கிய அவருடைய குழுவினருக்கு நெஸ் பெர்ஸ் மக்கள் அளித்த உணவில் கமாஸ் கிழங்கும் இருந்தது. கிழங்கு அகழ்வது பெண்களின் பணி. சூடேற்றிய கற்கள் பரப்பிய குழியில் இட்டு, புல்லும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் வேகவைப்பர். எளிதில் செரிக்காத இனுலின் அவ்வெப்பத்தில் இனிப்பாக மாறும். உலர்த்திய கிழங்கே குளிர்கால இருப்பு.

இதே மாநிலத்தின் தெற்கிலும் ஒரு கமாஸ் புல்வெளி உண்டு. பானக் மக்கள் கோடைதோறும் கிழங்கு அகழ வந்த இடம் அது. 1868இல் ஃபோர்ட் பிரிட்ஜரில் அமெரிக்க அரசு அவர்களோடு செய்த உடன்படிக்கை அந்நிலத்தில் ஒரு பகுதியை அவர்களுக்கு உறுதியளித்தது. ஆனால் ஏட்டில் ஏறிய பெயரோ ‘கான்சாஸ் புல்வெளி’! கான்சாஸ் எங்கோ கிழக்கே கிடக்கும் வேறொரு மாநிலம். வாக்களித்த நிலம் பானக் மக்களுக்கு ஒதுக்கப்படவேயில்லை. குடியேறிகளின் மாடுகளும் பன்றிகளும் அங்கு மேய்ந்தன. பன்றிகள் கிழங்கைக் கிளறித் தின்றன. ஃபோர்ட் ஹால் ஒதுக்கிடத்தில் அரசு வழங்கிய உணவோ போதவில்லை. 1878 மே இறுதியில் துப்பாக்கிகள் வெடித்தன. பானக் போர் எனப்படும் அது, அவ்வாண்டின் இலையுதிர்காலத்திற்குள் அவர்களின் தோல்வியில் முடிந்தது.

ஓர் எழுத்துப் பிழையே போரை மூட்டியது என்று நாம் துணியவில்லை. பிழை யார் கண்ணிலும் படாமலா இருந்திருக்கும்? திருத்த மனமிருந்தால் ஒரு வரி போதுமே. நிலத்தின் மீதிருந்த வேட்கைக்கு அப்பிழை வசதியாயிற்று என்பதே நம் துணிபு.

இன்று அவ்விடத்தை உள்ளடக்கிய மாவட்டத்திற்கே கமாஸ் என்றுதான் பெயர். பெயர் திருத்தமாகவே எழுதப்படுகிறது, காலம்தான் கடந்துவிட்டது.