லிஃப்ட் பக்கத்து யாளி: ஒரு திருத்தம்

நம் பிளாக்கில் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் மண் தலையைப் பார்த்துக் குழந்தைகள், "அங்கிள், இது டைனோசரா, டிராகனா?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் சிங்கம் என்கிறார்கள். அது யாளி. செய்தது நான்தான். அதன் அடியில் "பல்லவர் கால யாளி, காஞ்சிபுரம்" என்று ஒரு அட்டையும் எழுதி வைத்திருந்தேன். அந்த அட்டையில் தவறு இருக்கிறது. வங்கியில் தவறான என்ட்ரி போட்டவன்தான் அதைத் திருத்தவும் வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மண் வேலை ஆரம்பித்தது ஒரு விநாயகர் சதுர்த்தியில். பேத்திக்குப் பிள்ளையார் பிடிக்க வாங்கிய களிமண் மிஞ்சியது. யானை முகம் ஓரளவு வந்துவிட்டதால் யாளி முகமும் வந்துவிடும் என்று நினைத்தேன். பி.காம். படித்தவனின் துணிச்சல்!

யாளி நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டில் மலைக்காட்டின் பயங்கரங்களைச் சொல்லும்போது புலி, கரடியோடு ஆளி என்றொரு விலங்கும் வருகிறது. கோயில்களில் அது யாளி. சிங்க முகம், சில இடங்களில் யானைத் துதிக்கை, சில இடங்களில் குதிரை உடல். கோயில் அடித்தளத்தில் வரிசையாகத் தலைகள் மட்டும் தெரிந்தால் அது யாளி வரி. வீணையின் நுனியில் இருப்பதும் இதே முகம்தான்.

மாதிரிக்காகப் பூந்தமல்லியில் பஸ் ஏறிக் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் கி.பி. 700-ஐ ஒட்டிக் கட்டிய கோயில். அவருக்கு முந்தைய மாமல்லன் காலக் குடைவரைகளில் சிங்கம் தூணுக்கு அடியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். ராஜசிம்மன் காலத்தில் எழுந்து, பின்னங்காலில் நின்று, பாய்கிறது. பிராகாரம் முழுக்க இவைதான். நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் தலை காயும்போதே காதிலிருந்து தாடை வரை பிளந்தது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். தட்டிப் பார்த்துச் சிரித்தார். "சார், கெட்டியா புடிச்சிருக்கீங்க. உள்ள காலியா இருக்கணும். சுவர் ஒரு விரல் கனம் போதும்," என்றார். களிமண் காயும்போது சுருங்கும். கனமான இடமும் மெல்லிய இடமும் ஒரே வேகத்தில் சுருங்காததால் வெடிக்கும். மணல் கலக்கச் சொன்னார். கோரைப்பல்லை ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, மண் குழம்பு தடவி அழுத்தச் சொன்னார். ஈரத்துணி போட்டு நிழலில் மூன்று வாரம் காயவைத்தேன். பால்கனியில் துணி உலர்த்த இடமில்லை என்று வீட்டில் தினம் ஒரு பாட்டு. பெரியவரின் சூளையில் வெந்து முழுசாக வந்தது இரண்டாவது தலை. லிஃப்ட் பக்கம் இருப்பது அதுதான்.

பெருமையோடு மறுபடி காஞ்சிக்குப் போனேன், அசலோடு ஒப்பிட. பிராகாரத்தில் ஓவியக் கல்லூரிப் பையன் ஒருவன் ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். என் போனில் இருந்த தலையைக் காட்டினேன். "நல்லாருக்கு சார். ஆனா நீங்க பார்த்துச் செஞ்சது சுதை," என்றான்.

பக்கத்துத் தூணுக்கு அழைத்துப் போனான். அங்கே சிங்கத்தின் தாடையில் பூச்சு பெயர்ந்திருந்தது. உள்ளே அரித்துப்போன மணற்கல். அந்தக் கல்லின் உதடு ஒடுங்கி, பின்னால் இழுத்த மாதிரி இருந்தது. பூச்சில் இருந்த உதடோ தடித்து, புன்னகைக்கிற மாதிரி. நான் மண்ணில் வாங்கியிருந்தது அந்தத் தடித்த உதட்டை.

காரணம் கல்தான். அந்தக் கோயிலின் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் செதுக்க எளிது, மழைக்கும் காற்றுக்கும் உதிர்வதும் எளிது. பின்னால் வந்தவர்கள் பல தடவை சுண்ணாம்புச் சுதை பூசிப் பழுது பார்த்திருக்கிறார்கள். பூசும்போது முகத்தை அவரவர் காலத்து வழக்கப்படி வனைந்தும் விட்டார்கள். பல்லவர் ஓவியங்களுக்கும் இதே கதை. சிறு சன்னதிகளின் சுவர்ப் பூச்சுக்கு அடியில் அவை கிடப்பதைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931-ல்தான் கண்டுபிடித்தார். பூசியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பூசாமல் விட்டிருந்தால் கல்லே மிஞ்சியிருக்குமோ என்னவோ. ஆனால் அவர்கள் முகத்துக்குக் கீழே நான் ராஜசிம்மன் பெயரை எழுதியது தப்பு.

பூச்சில்லாத முகம் பார்க்க வேண்டுமென்றால் சாளுவன்குப்பம் போகச் சொன்னான் பையன். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலோரம். புலிக்குகை என்பார்கள், ஆனால் குகை வாயைச் சுற்றியிருக்கும் 11 தலைகளும் யாளித் தலைகள். கெட்டிப் பாறை. உப்புக் காற்று முகத்தை மழுக்கியிருக்கிறது, சுதை மாற்றவில்லை. துதிக்கை எதற்கும் இல்லை. ஆனால் அதே பாறையில் சற்றுத் தள்ளி இரண்டு யானைத் தலைகள் தனியாக இருக்கின்றன. யானையும் சிங்கமும் ஒரே உடம்பில் சேர்ந்து ஆர்ப்பாட்டம் செய்வதைப் பார்க்க, விஜயநகர, நாயக்கர் காலத் தூண்களுக்கு வரவேண்டும். நமக்குப் பக்கம் வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம்; ஆவடி வழியாகப் போகும் ரயிலில் காட்பாடியில் இறங்கினால் போதும்.

தாரமங்கலத்தில் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது. நானும் மண் உருண்டையைப் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்துப் பல்லை ஒட்டினேன். பேப்பர் சூளையில் எரிந்துவிடும், உருண்டை உருளும். கல்தச்சருக்கு அந்த வசதி கிடையாது. பல்லுக்கு இடையில் உளியை விட்டு, உருண்டையை உள்ளேயே செதுக்கிப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது தலை சாளுவன்குப்பத்து முகம். இப்போது ஈரத்துணிக்குள் இருக்கிறது. இரண்டாவதை எடுக்கவில்லை, அட்டையை மட்டும் மாற்றிவிட்டேன்: "யாளி, காஞ்சி கைலாசநாதர் கோயில், பிற்காலச் சுதை முகம்." குழந்தைகள் வாய்க்குள் விரல் விட்டு உருண்டையை உருட்டுகிறார்கள். உருட்டட்டும். கோரைப்பல்லை மட்டும் பிடித்து இழுக்க வேண்டாம் என்று பெற்றோர் சொல்லிவைத்தால் நல்லது.