அகார் அகாரும் ஆய்வுக்கூடமும்

தீபாவளிக்கு அகார் அகார் காய்ச்சாத வீடு சுங்கைப் பட்டாணித் தோட்டப்புறங்களில் குறைவு. அந்த மலாய்ச் சொல் உலக ஆய்வுக்கூடங்களிலும் வழங்குகிறது என்றபோது என் மாணவர்கள் நம்பவில்லை.

1881இல், ஜெர்மனியில் இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர் வளர்க்கும் ஜெலட்டின் வெப்பத்தில் உருகுவதால் திணறினார். அதற்குப் பதிலாக அகாரைப் பரிந்துரைத்தவர் அவர் மனைவி ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துவந்த டச்சுக்காரர் ஒருவரிடம் கற்ற சமையல் நுட்பம் அது. உறைந்த அகார் மீண்டும் இளகுவதற்கு ஏறக்குறைய 85 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. எனக்கு இது இன்றும் உறுத்தலே.

இன்று உயிரணுக்களை முப்பரிமாணத்தில் வளர்க்க உதவும் நீர்க்கூழ்மங்களில், அகாரிலிருந்து பிரித்தெடுத்த அகரோசும் ஒன்று. அதன்மேல் ஒட்ட இயலாத உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன.