ரெண்டாவது மூளைக்கு ஒரு காலி ஸ்லாட்

மக்களே, இன்னைக்கு மருத்துவம் இல்ல. கொஞ்சம் கம்ப்யூட்டர் வரலாறு. நீளமான திரெட், டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

கம்ப்யூட்டர் பத்தலைன்னா இப்ப புதுசு வாங்குறோம். 1980ல அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேர் வேற வழி கண்டுபிடிச்சாங்க. மூடியைத் திறந்து உள்ளே இன்னொரு மூளையைச் சொருகிட்டாங்க!

மெஷின் பேரு ஆப்பிள் 2. வெளிவந்தது 1977. மூளை 6502 என்கிற சிப், வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். உள்ளே 8 ஸ்லாட். பிரிண்டருக்கு ஒன்னு, மோடத்துக்கு ஒன்னு, ரெண்டே போதும்னு ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னாராம். எட்டு இல்லாம முடியாதுன்னு வாஸ்னியாக் பிடிவாதமா நின்னார். இது வாஸ்னியாக்கே பலமுறை சொன்ன கதை. இந்த திரெட் முழுக்க அந்தப் பிடிவாதத்தோட விளைவுதான்.

அப்போ ஆபீஸ் வேலைக்கான மென்பொருள் பெரும்பாலும் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துல தான் ஓடும். வேர்ட்ஸ்டாரும் அப்படித்தான். அதுக்கு இன்டெல் 8080 அல்லது ஜிலாக் இசட்80 சிப் வேணும். 6502க்கு அந்த பாஷையே புரியாது.

மைக்ரோசாஃப்ட்டுக்கும் இதே தலைவலி. அவங்க 8080க்கு எழுதி வெச்சிருந்ததை எல்லாம் 6502க்கு மாத்தி எழுதினா மாசக்கணக்குல ஆகும். பால் ஆலன் தலைகீழா யோசிச்சார்: மென்பொருளை ஏன் மாத்தணும்? சிப்பையே ஆப்பிளுக்குள்ள வெச்சுட்டா? அதுதான் சாஃப்ட்கார்டு. மைக்ரோசாஃப்ட்டோட முதல் ஹார்டுவேர். விலை 349 டாலர்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அது வேலை செஞ்ச விதம். ஆபரேஷன் டேபிள் ஒன்னு, சர்ஜன் ரெண்டு பேர், ஆனா ஒரு நேரத்துல ஒருத்தர் கைதான் உள்ளே. இசட்80 ஓடும்போது 6502 காத்திருக்கும். டிஸ்க், கீபோர்டு வேலை வந்தா இசட்80 ஒதுங்கி 6502ஐக் கூப்பிடும். காத்திருக்கும் 6502ஐ முழுசா நிறுத்தவும் முடியாது, நிறுத்தினா ரெஜிஸ்டர்ல இருக்கறது அழிஞ்சுடும். அதனால கார்டு இடையிடையே ஒரு துடிப்பு கொடுத்து அதை உயிரோட வெச்சிருக்கும். ஐசியூ பார்த்தவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

இன்னொரு சிக்கல், ரெண்டு பேருக்கும் மெமரியோட ஆரம்பப் பகுதிதான் வேணும். ஒரே பெட்டுக்கு ரெண்டு அட்மிஷன் மாதிரி. இசட்80 பூஜ்யம்னு கேட்டா கார்டு சத்தமில்லாம 4096 தள்ளி இடம் கொடுத்துடும். பாவம், அதுக்குத் தெரியவே தெரியாது.

வேகத்துக்காகத்தான் வாங்கினாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. என் பார்வையில அது ரெண்டாம்பட்சம். 349 டாலருக்குக் கிடைச்சது, அடுத்தவங்க ஏற்கனவே எழுதி முடிச்ச ஒரு அலமாரி நிறைய மென்பொருள். 1980ல மைக்ரோசாஃப்ட்டுக்கு அதிக வருமானம் கொடுத்ததே இந்தக் கார்டுதான். ஆனா ஆப்பிள் 2 திரையில ஒரு வரிக்கு 40 எழுத்துதான். வேர்ட்ஸ்டாரை ஒழுங்கா ஓட்ட 80 எழுத்து காட்டும் கார்டு தனியா வாங்கணும். அப்புறம் மெமரி கார்டு. எட்டு ஸ்லாட்டும் வேகமா நிறைஞ்சுது.

சாஃப்ட்கார்டோட முதல் மாதிரியைச் செஞ்சவர் டிம் பேட்டர்சன். கடைக்கு வந்த வடிவத்தை முடிச்சது டான் பர்டிஸ். அதே 1980ல பேட்டர்சன் 86-டாஸ்னு ஒன்னு எழுதினார். அதை மைக்ரோசாஃப்ட் 1981ல வாங்குச்சு. அதுதான் எம்எஸ்-டாஸ்.

அந்த டாஸோட வந்த ஐபிஎம் பிசியில மெயின் சிப்புக்குப் பக்கத்துலயே ஒரு காலி சாக்கெட் இருந்துச்சு. தசமக் கணக்குக்கான 8087 அங்க உட்காரும். ரெண்டு சிப்பும் ஒரே கேஸ் ஷீட்டைப் படிக்கும், தனக்கான வரி வந்தா மட்டும் 8087 கை வைக்கும். 1989ல 486டிஎக்ஸ் வந்தப்போ இன்டெல் அதைச் சிப்புக்குள்ளயே சேர்த்துடுச்சு.

ஜாப்ஸ்? 1984ல வந்த அவரோட மேக்கின்டாஷ்ல ஒரு ஸ்லாட் கூட இல்ல. 1985ல அவர் ஆப்பிளை விட்டுப் போனார். 1987ல மேக்கின்டாஷ் 2 ஆறு ஸ்லாட்டோட வந்துச்சு. அதுக்கு ஏஎஸ்டி நிறுவனம் மேக்286னு ஒரு கார்டு போட்டாங்க. உள்ளே இன்டெல் சிப். எதுக்குன்னு கேக்கறீங்களா? ஆப்பிளுக்குள்ள எம்எஸ்-டாஸ் ஓட்ட!