கற்ற தொழிலும் கூடவே வரும் சாதியும்



சிறையிலிருந்து வெளியே வருகிற ஒருவருக்கு என்ன தேவை என்று கேட்டால், அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒரே பதிலைச் சொல்கின்றன: ஒரு தொழில். தையல், நெசவு, தச்சு, பேக்கரி, கணினி என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அந்தத் தொழிலை யாருக்கு, எந்த நோக்கத்தோடு கற்றுக்கொடுத்தார்கள் என்ற வரலாற்றைக் கேட்காமல் நாம் அதை ஏற்க முடியாது. இந்த நினைவு நாளில் அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பேச விரும்புகிறோம்.

காலனியச் சிறையில் உழைப்பு என்பது முதலில் தண்டனை. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1912 டிசம்பரில் அவர் விடுதலையான பிறகு நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் வாழ்ந்தார். நீதிபதி வாலஸின் முயற்சியால் உரிமம் திரும்பக் கிடைத்த பிறகே மீண்டும் நீதிமன்றம் ஏறினார். அவரிடம் கல்வி இருந்தது, தொழில் இருந்தது, பெயர் இருந்தது. இல்லாமல் போனது கதவைத் திறந்துவிடும் அனுமதி. அவருக்கே இந்த நிலை என்றால், உரிமமும் நிலமும் பெயரும் எப்போதுமே இல்லாத ஒருவர் சிறை வாசலில் நிற்கும்போது அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தொழில் கொடுத்துத் திருத்துவது என்ற சிந்தனை நம் பகுதியில் பெரிய அளவில் முதலில் சோதிக்கப்பட்டது தனிமனிதர்கள் மீதல்ல, முழுச் சமூகங்கள் மீது. 1871இல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர், குண்டூர்ப் பகுதியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டுவர்ட்புரம் போன்ற குடியேற்றங்களில் குறவர், எருகுலர் குடும்பங்கள் அடைக்கப்பட்டன. விவசாயம், கைத்தொழில், ஒழுக்கம் ஆகியவற்றைக் கற்பித்து நல்லவர்களாக்குவோம் என்றார்கள். ஸ்டுவர்ட்புரத்து மக்களின் உழைப்பு சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்குப் போனது. வருகைப் பதிவும் வெளியேற அனுமதிச் சீட்டும் கட்டாயமாக இருந்த இடத்தில் கூலியை யார் பேரம் பேச முடியும்? சீர்திருத்தம் என்ற சொல்லுக்குள் மலிவான கூலியாள் ஒளிந்திருந்தார். இந்தச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை சுட்டது.

சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952இல் அது நீங்கியது. ஆனால் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கே வந்துவிட்டது. பெயர் மாறியது, பட்டியல் காவல் நிலையத்திலேயே தங்கிவிட்டது.

இதே காலத்தில் சிறைக்குள் இன்னொரு மொழியும் வளர்ந்தது. அலெக்சாண்டர் கார்ட்யூ தலைமையிலான 1919–20ஆம் ஆண்டு இந்தியச் சிறைக் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று எழுதியது. சென்னை மாகாணம் 1920இல் சிறுவர் சட்டத்தையும், அடுத்த சில ஆண்டுகளில் இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டத்தையும், 1936இல் நன்னடத்தைச் சட்டத்தையும் இயற்றியது. இவை மதிக்கத்தக்க முயற்சிகள். இவற்றால் படித்து வேலைக்குப் போனவர்கள் உண்டு. அதை மறுப்பது நம் வேலையல்ல.

ஆனால் திருத்தம் பேசிய அதே சிறைக்குள், யாருக்கு எந்த வேலை என்பதைச் சாதி முடிவு செய்தது. இது நாம் சந்தேகத்தில் சொல்வதல்ல. விதிப் புத்தகத்திலேயே அச்சாகி இருந்தது. சமையலுக்கு ஏற்ற சாதி, துப்புரவுக்கு இன்ன சாதி என்று மேற்கு வங்கச் சிறை விதி எழுதியது. இழிவான வேலைகளைச் செய்து பழகிய சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் ஒழிய, வெறுங்காவல் தண்டனை பெற்றவரை அந்த வேலைக்கு விடக்கூடாது என்று உத்தரப் பிரதேசத்தின் விதி சொன்னது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் கைதிகளை வைத்தது குறித்தும் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020இல் வெளியிட்ட புலனாய்வும் அவர் தொடுத்த வழக்கும்தான் இதை நாட்டின் முன் வைத்தன.

2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்த விதிகளை ரத்து செய்தது. சிறைக்குள் சாதிப்படி வேலை பிரிப்பது தீண்டாமையே என்றது. கைதிகளின் பதிவேடுகளில் சாதிக் கலத்தை நீக்கவும், விதிகளை மூன்று மாதத்தில் திருத்தவும் ஆணையிட்டது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

இந்தத் தீர்ப்பைத் தொழிற்பயிற்சியோடு சேர்த்துப் பாருங்கள். பத்தாண்டு சிறையில் ஒருவர் கக்கூஸ் கழுவினார், இன்னொருவர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தார் என்றால், இருவரும் ஒரே தண்டனையை அனுபவிக்கவில்லை. வெளியே வரும்போது ஒருவரிடம் ஒரு திறன் இருக்கிறது. மற்றவரிடம் ஊர் ஏற்கெனவே அவர் தலையில் எழுதிவைத்த வேலைதான் இருக்கிறது. சிறை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பழைய பாடத்தையே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர் சிறையில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். சிறைத் தொழிற்கூடங்கள் பெரும்பாலும் கடுங்காவல் தண்டனை பெற்றவர்களுக்கானவை. பிணைத் தொகை கட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்து, பிறகு நிரபராதி என்று வெளியே வருகிறவர் எந்தப் பயிற்சிக் கணக்கிலும் வருவதில்லை. அவர் இழந்தது வேலையை, கற்றது எதுவுமில்லை.

எங்கள் அமைப்பினர் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறைத் தறியில் ஏழு ஆண்டு நெய்தவர். கை நேர்த்தியானது. வெளியே வந்து ஒரு தறிக்கூடத்தில் வேலை கேட்டார். நெய்து காட்டச் சொன்னார்கள், காட்டினார். அடுத்த கேள்வி, “ஊருக்குள்ளயா, காலனியா?” அதற்கடுத்தது, எங்கே கற்றாய் என்பது. இரண்டுக்கும் உண்மை சொன்னார். இப்போது அவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. “தறி மறந்து போச்சு சார்” என்றார். மறந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. பேசும்போது அவர் விரல்கள் மடியில் இழை கோத்துக்கொண்டிருந்தன.

ஆகவே நாம் கேட்பது இவை. சிறை வேலைக்கு நியாயமான கூலி வேண்டும். 1998லேயே உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. பயிற்சிச் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. பொதுத் தொழிற்பயிற்சி வாரியமே வழங்க வேண்டும். விரும்பும் விசாரணைக் கைதிக்கும் பயிற்சியில் இடம் வேண்டும். யார் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார்கள், யார் துப்புரவில் இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியார் குழு தணிக்கை செய்ய வேண்டும். சாதிக் கலம் நீங்கினாலும் சாதி நீங்கிவிட்டதா என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா? காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டில் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இயந்திரத்தனமாகச் சேர்க்கும் போக்கைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2024இல் கவலை தெரிவித்தது. அந்தப் பதிவேடு திறந்திருக்கும் வரை எந்தத் தையல் எந்திரமும் ஒருவரைக் காப்பாற்றாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தமிழ்நாட்டுச் சிறை விதிகள் தீர்ப்புக்குப் பிறகு காகிதத்தில் எப்படி மாறின, சிறைக் கொட்டடியில் எப்படி மாறின என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேளுங்கள். விடுதலையானவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் எங்களுக்குப் பதிலாக நீங்கள் அந்தப் பதில்களோடு பேச வேண்டும்.

ஜெய்பீம்.