மீன் தொட்டிக்கு அடியில் மரத்தரை: மறைவான ஈரம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

டைல்ஸ் தரையில் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரை வேண்டியதில்லை. சிந்தியதைத் துணி போட்டுத் துடைத்தால் வேலை முடிந்தது. இங்கே எடுத்துக்கொள்வது வட அமெரிக்க வீடுகளில் பரவலாகக் காணும் தரை: மர உத்திரங்கள், அவற்றின் மேல் ப்ளைவுட், அதன் மேல் ஆணியடித்த 19 மி.மீ. தடிமனுள்ள செவ்வோக் பலகைகள். கண்ணாடி உடைந்து வெள்ளம் வந்துவிடுமோ என்றுதான் தொட்டி வைத்திருப்போர் அஞ்சுகிறார்கள். வெள்ளம் கண்ணில் படும், அள்ளிவிடலாம். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் அடியில் தேங்கும் ஈரமே தரையைக் கெடுக்கிறது என்பது என் வாதம்.

2. மரமும் ஈரமும்

அறுத்து உலர்த்திய பின்னும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். சூடேற்றிய வீட்டில் தரைப்பலகையின் ஈரப்பதம் சாதாரணமாக 6 முதல் 9 விழுக்காடு. அது ஏறத்தாழ 28–30 விழுக்காட்டை எட்டும்வரை, உள்ளே போகும் நீர் நார்ச் சுவர்களில் புகுந்து மரத்தை உப்ப வைக்கும். அதற்கு மேல் வரும் நீர் வெற்றிடங்களில் தங்குமே தவிர, மரம் மேலும் உப்பாது.

உப்புவதும் திசைக்குத் திசை மாறும். நீளவாட்டில் அநேகமாக ஒன்றுமில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில்தான் மிகுதி. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது செவ்வோக் அந்தத் திசையில் 8.6 விழுக்காடு சுருங்குகிறது, தேக்கு 5.8 விழுக்காடுதான். தேக்குக்கு உள்ள மதிப்பு வெறும் பெருமைப் பேச்சல்ல. கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம்: செவ்வோக்கின் ஈரப்பதம் 8-லிருந்து 12 விழுக்காடானால், 57 மி.மீ. அகலப் பலகை 0.8 மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். ஒரு மீட்டர் அகலத் தரைக்கு அது ஏறத்தாழ 15 மி.மீ. பலகைகள் நெருக்கிப் பூட்டியிருப்பதால் விரிய இடமிருக்காது. ஒன்றையொன்று நெட்டித் தள்ளும்.

ஈரம் அடிப்பக்கம் மிகுந்தால் அடி விரியும், மேல்முகம் அப்படியே இருக்கும். பலகையின் ஓரங்கள் தூக்கி நடு குழியும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தரை அலையலையாகத் தெரிவது இதனால்தான். மேலே பூசிய பாலியுரேத்தேன் இதைத் தடுக்காது. பூச்சு மேல்முகத்தில் மட்டும்தான் உண்டு; மூட்டு வழியே இறங்கிய நீர் பூச்சில்லாத அடியைத் தொடுகிறது, மேலே ஆவியாக முடியாமல் அங்கேயே நிற்கிறது. ஓக்கில் டானின் நிறைய. இரும்புக் காலோ ஆணியோ ஈரத்தோடு சேர்ந்தால் கருநீலக் கறை விழும். தேய்த்தால் போகாது, ஆக்சாலிக் அமிலம் வேண்டும், அது நஞ்சு.

3. நீர் வரும் வழிகள்

தொட்டியின் மூட்டு விட்டுப்போவது அரிது. அன்றாட வழிகள் வேறு. காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே, அலமாரிக்குள் வைப்பார்கள். மின்சாரம் நின்றதும் குழாயில் காற்றழுத்தம் போய், தொட்டி நீர் அதே மெல்லிய குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பிலிருந்து சொட்டும். குழாயில் நான்ரிட்டர்ன் வால்வு மாட்டலாம், அல்லது பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கலாம், இரண்டாவதே நம்பகமானது. கீழ்த்தொட்டி வைத்த கடல்நீர் அமைப்பில் இதுவே பெரிய அளவில் நடக்கும். திரும்பு குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால், பம்பு நின்றதும் அந்த மட்டம் வரை நீர் கீழே வடியும். நிறுவும் அன்றே சுவிட்சை அணைத்து, கீழ்த்தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கேனிஸ்டர் ஃபில்ட்டரின் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்தால் துளித்துளியாகக் கசியும். கழுவும்போதெல்லாம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் நெடுநாள் வரும். மின்கம்பி வழியாகவும் நீர் இறங்கும். கம்பியைச் செருகுமிடத்துக்குக் கீழே வளைத்துத் தொங்கவிடுவது மின்சாரப் பாதுகாப்புக்குத்தான். ஆனால் வளைவின் அடியில் சொட்டும் துளி தரையில்தான் விழுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடல்நீர்த் தொட்டிக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. வெளியே படியும் உப்பு தானே காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஒரு முறை துடைத்த இடம் மறுபடி நசநசக்கும். நன்னீர்த் துணியால் இரண்டு தடவை துடைக்காமல் உப்பு போவதில்லை.

4. விரிப்பு என்னும் பொய்ப் பாதுகாப்பு

கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுப்பது ரப்பர் விரிப்பு. இதை நான் ஏற்பதில்லை. ஓரத்தில் புகுந்த நீர் விரிப்புக்கும் பூச்சுக்கும் இடையே சிறைப்படும். உலர வழியில்லை, கண்ணிலும் படாது. போதாக்குறைக்குச் சில ரப்பர்கள் பூச்சோடு வினைபுரிந்து மஞ்சள் கறை இடும்.

மாற்றாக நான் சொல்வது: கால் வைத்த ஸ்டாண்டு, கால்களுக்கு நடுவே விளிம்பு உயர்த்திய தட்டு, தட்டின் அடியில் விரல் நுழையும் இடைவெளி. தட்டு பிடிக்கும், காற்று உலர்த்தும், குனிந்தால் தெரியும். பேட்டரியில் ஓடும் கசிவு மணியின் இரு உலோகமுனைகளையும் தட்டின் தாழ்ந்த மூலையில் வைக்க வேண்டும். மேட்டில் வைத்த மணி நீர் நிரம்பிய பிறகே ஒலிக்கும்.

5. பாரம்

வட அமெரிக்காவில் வழக்கமான 55 காலன் தொட்டி, 208 லிட்டர், மணலோடு ஏறத்தாழ 280 கிலோ. உத்திரங்களுக்குக் குறுக்காக, சுவரோரம் வைத்தால் பெரும்பாலும் தாங்கும். தரை தளர்ந்து ஸ்டாண்டு சாய்ந்தால் கண்ணாடி மூட்டில் இழுவிசை ஏறும். அரிதென்று மேலே சொன்ன மூட்டுக் கசிவு அப்போது தொடங்கலாம்.

6. நனைந்த பின்

நீரை வாக்குவம் கொண்டு உறிஞ்சி, மின்விசிறியும் ஈரம் நீக்கும் கருவியும் ஓட விட வேண்டும். பூஞ்சணம் ஓரிரு நாளில் தொடங்கக்கூடும். முடிந்தால் கீழ்த்தளத்திலிருந்து ப்ளைவுட்டின் அடிக்கும் காற்று கொடுக்கலாம். ஹீட்டரை நேராகக் காட்டக் கூடாது, மேல்முகம் மட்டும் உலர்ந்து பலகை வெடிக்கும்.

பெரும்பாலோர் அவசரப்படுவது இழைப்பதில்தான். ஓரங்கள் தூக்கிய தரையை உடனே இழைத்துச் சமப்படுத்தினால், தூக்கிய ஓரம் தேய்ந்துவிடும். பிறகு அடி உலர்ந்து பலகை நேராகும்போது நடு மேடாக நிற்கும். அதைத் திருத்த மறுபடி இழைக்க வேண்டும், பலகைகளைப் பிணைக்கும் நாக்குப் பூட்டுக்கு மேலே இழைக்கக்கூடிய மரமோ கொஞ்சம்தான். ஊசிமுனை ஈரமானியால் அதே வீட்டின் நனையாத அறையில் ஒரு அளவு, நனைந்த இடத்தில் பலகையிலும் ப்ளைவுட்டிலும் ஒவ்வொரு அளவு எடுத்து, மூன்றும் நெருங்கும்வரை, வாரங்கள் ஆனாலும், இழைப்பவரை அழைக்காமல் இருப்பதே சரி. சிறு குழிவு பல சமயம் தானாகவே படிந்துவிடுகிறது.