திருப்பி மாட்டிய ஹேண்டில்பார்

அப்பா போனபிறகு, பெருமுக்கல் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து அவருடைய ஹெர்குலஸை வெளியே எடுத்தேன். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர் எதுவுமே இல்லை. ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தார். எல்லாம் பொங்கல் சைக்கிள் ரேஸுக்காக.

ஹெர்குலஸைத் தயாரித்தது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய நிறுவனம். ரேஸ் சைக்கிள் குழாய்களுக்குப் பேர்போன ரெனால்ட்ஸும் 1928 முதல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கையில்தான் இருந்தது. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531இன் ரேஸ் வகைக் குழாய் நடுவில் மெலிந்து, பற்றவைக்கும் முனைகளில் மட்டும் தடித்திருக்கும். பலம் குறையாமல் எடை குறையும். ஐரோப்பாவில் ஓட்டுபவரின் உடலை அளந்து அதில் ஃபிரேம் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே முதலாளிதான். ஆனால் நமக்கு வந்தது நெல் மூட்டை சுமக்கிற கனத்த வண்டி. எடை குறைக்க அப்பாவிடம் இருந்தது ஒரு ஸ்பேனர்.

துருவேறிய காட்டர் பின்னை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. வண்டியை ஒரிஜினலாக்கிவிடலாம் என்று பழைய மட்கார்டு ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதை மாட்டிட்டா அப்புறம் அது உங்கப்பா வண்டியாடா?"

மட்கார்டு கொட்டகையிலேயே கிடக்கிறது. மரக்காணம் ரோட்டில் குனிந்தபடியே மிதித்துப் போகிறேன். முதுகு வலி உயிர்போகிறது.