நீக்கப்பட்ட வரிகள்: முத்துபழனியும் நாகரத்னம்மாவும்

எங்க டீம்ல யாராவது கோட்ல ஒரு வரியை நீக்கினா, யார், எப்போ, எதுக்குன்னு எல்லாம் பதிவாகிடும். இன்னைக்கு அப்படி நீக்கப்பட்ட வரிகளைப் பத்தின கதை.

18-ஆம் நூற்றாண்டு தஞ்சாவூர். மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துபழனின்னு ஒரு கணிகை, கவிஞர். அவர் தெலுங்கில் எழுதிய காவியம் 'ராதிகா சாந்த்வனம்'. ராதா தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். அப்புறம் தனிமையிலும் பொறாமையிலும் தவிக்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். இதுல முக்கியமான விஷயம், ஆசை ராதாவுடையது. முதல் அடி எடுத்து வைப்பவளும் அவள்தான். அவளுடைய நிறைவுதான் கதையின் மையம்.

1887-ல் இது அச்சாச்சு. ஆனா முத்துபழனி தன்னையும், கவிஞரான தன் பாட்டியையும் அறிமுகப்படுத்தும் முன்னுரையே அதில் இல்லை. சில பாடல்களும் இல்லை. பெண்கள் மறுமணத்துக்குப் போராடிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம்கூட, ஒரு பெண் இப்படி எழுதலாமான்னு கண்டித்தார்.

பெங்களூர் நாகரத்னம்மா மூலப்பிரதியைத் தேடிப் பிடித்தார். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து 1910-ல் வாவிள்ள பதிப்பகம் மூலமா வெளியிட்டார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்கள் இதைவிட அப்பட்டமா எழுதினப்போ ஏன் யாரும் கேக்கலைங்கறது அவரோட வாதம். அடுத்த வருஷமே ஆங்கில அரசு ஆபாசம்னு சொல்லி நூலைத் தடை செய்தது. டங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால் 1947-ல்தான் தடை நீங்கியது.

திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவரும் இதே நாகரத்னம்மாதான். பக்தியும் இந்தக் காவியமும் அவருக்கு முரணாத் தெரியலை.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தோழி கேட்டா: “கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. எனக்கு என்ன பிடிக்கும்னு அவர் கேட்டதே இல்லை. நானா சொன்னா தப்பா நினைப்பாரோ?” எனக்குச் சட்டுனு பதில் வரலை. இப்போ சொல்றேன். தப்பில்லைடி. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே, தஞ்சாவூர்லேயே, ஒருத்தி அதை எழுதி வச்சிருக்கா. நடுவுலதான் யாரோ அந்த வரிகளை நீக்கிட்டாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.